நாற்பத்தோராம் வீட்டுத் தூசி

ஸ்ரீரங்கம்
16 ஏப்ரல் 2025

ஆய்வு மாணவி மஜீதா அவர்களுக்கு,

வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் குழந்தைகளின் மூச்சுத் தொந்தரவுக்கும் உள்ள தொடர்பு பற்றிய உங்கள் ஆய்வில் நாற்பத்தோராம் எண் வீடு எங்களுடையது. அந்த ஆய்விலிருந்து நானும் என் மகள் சாருமதியும் விலகிக்கொள்கிறோம். 2018 முதல் நான்கு தடவை எங்கள் மெத்தையிலிருந்து எடுத்துப் போன தூசி முழுவதையும் அழித்துவிடுங்கள். விலகுவதானால் எழுத்தில் தர வேண்டும் என்று உங்கள் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் கடிதம். போனில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன்.

இத்தோடு கையெழுத்துப் போட்டு முடித்திருக்க வேண்டும். ஆனால் தபால் கவுண்டரில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான். இந்த உறையில் இன்னொரு தாளுக்கு இடம் இருக்கிறது என்று கைக்குத் தெரிகிறது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொன்னீர்கள். "அக்கா, நாய் வளக்கிற வீட்டுத் தூசியே வேற மாதிரி இருக்கு. தோட்டத்து மண்ணு மாதிரி. அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு வீசிங் கம்மி." உங்கள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. பிப்ரவரியில் எங்கள் வீட்டுக்கு ஒரு வெள்ளைக் குட்டி வந்தது. சாரு அதற்குப் பொரி என்று பெயர் வைத்தாள். தன் தலையணையிலேயே அதையும் படுக்க வைத்துக்கொண்டாள். நானும் விட்டேன். படித்தவர் சொன்ன பேச்சு அல்லவா.

ஏப்ரல் மூன்றாம் தேதி மத்தியானம் பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். "உதடு ஒரு மாதிரி நீலமா இருக்கு, சீக்கிரம் வாங்க." தில்லை நகர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. என் மடியில் அவளுடைய இரண்டு தோளும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. அழக்கூட அவளுக்கு மூச்சு மிச்சமில்லை. நான்கு நாள் ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள்.

எங்கள் தூசி உங்களுக்கு வேண்டாம்.

பி. பிரேமலதா


உறையூர்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள பிரேமா அக்காவுக்கு,

சாரு ஆஸ்பத்திரியில் இருந்ததே உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். பதிவுத் தபால் என்று கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். துறை வாசலில் நின்றபடியே படித்தேன். பிறகு உள்ளே போக முடியவில்லை.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். தூசியை அழித்துவிடுவோம். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பியதும் நான்கு குப்பிகளையும் எடுத்து, நீராவியில் அவித்து, அகற்றிவிட வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள்.

அடுத்து, நான் சொல்ல வேண்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு சொல்லை விழுங்கிவிட்டேன். "பிறந்ததிலிருந்து." பிறந்ததிலிருந்து நாயோடு வளர்ந்த, ஏற்கெனவே ஒவ்வாமை இல்லாத குழந்தைகளைப் பற்றியது அந்தக் கணக்கு. ஒவ்வாமை வந்துவிட்ட ஒரு பெண்ணின் தலையணைக்கு ஏழாவது வயதில் ஒரு குட்டியைக் கொண்டுவருவது வேறு விஷயம், கேடான விஷயம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. வேண்டுமென்று விட்டதல்ல. முந்தின நாள்தான் ஏழு வருஷத்துக் கணக்கு முதன்முறையாக ஒரு கோட்டில் வந்து நின்றிருந்தது. சந்தோஷத்தில் இருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு வீடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் அக்கா. எதிரே இருந்தது ஒரே ஒரு குழந்தை. தரையில் குப்புறப் படுத்து யானைக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த நாள் நினைவிருக்கிறதா? எம்.எஸ்சி. முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கையில் வேக்வம் கிளீனர். சாரு அப்பா, நம் ராவ் அண்ணன்தான் கதவைத் திறந்தார். தொட்டியத்திலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறார், முழங்கால்வரை வாழைத் தோட்டத்துச் சேறு. "இத்தன வருஷத்துல தூசி குடுங்கன்னு கேட்டு வந்த மொத ஆள் நீங்கதாம்மா" என்று சிரித்தார். உங்கள் மடியில் மூன்று மாதச் சாரு.

இப்போது எப்படி இருக்கிறாள்? ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டாலும் பரவாயில்லை. தினமும் துவா செய்கிறேன்.

மஜீதா


ஸ்ரீரங்கம்
30 ஏப்ரல் 2025

மஜீதாவுக்கு,

ஒரு வரிதான் எழுத நினைத்தேன். நன்றாக இருக்கிறாள். மூச்சு நன்றாக இருக்கிறது.

என்னோடு பேசுவதில்லை. பொரியை சாரு அப்பாவுடைய சிநேகிதர் மருதையிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். தொட்டியத்தில் வாழை போட்டிருக்கிறார், இடம் நிறைய. கூடைக்குள் வைத்து எடுத்துப் போனபோது சாரு அழவில்லை. "எனக்கு மூச்சு வாங்கலன்னு சொன்னா விட்டுடுவியா?" என்று கேட்டாள். மூச்சு வாங்காத மாதிரி வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததற்குப் பிறகு எனக்குக் கொஞ்ச நாள் எதுவும் கண்ணில் படவில்லை.

ஜன்னல்களை அடைத்து வைத்திருக்கிறேன். இடுக்குகளில் துணி செருகியிருக்கிறேன். போன சனிக்கிழமை சித்திரைத் தேர். வருஷா வருஷம் அவர் தோளில் உட்கார்ந்து பார்ப்பாள், பிறகு என் இடுப்பில். இந்த வருஷம் இரண்டு பேரும் கட்டிலில் படுத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டோம். அடைத்த அறைக்குள் அந்த மேளமும் கூச்சலும் ஆழத்திலிருந்து வருவதுபோல வந்தன. தண்ணீருக்கடியில் படுத்திருக்கிறோம், மேலே எங்கேயோ ஊர் மிதந்து போகிறது என்று தோன்றியது. மேல் ஓட்டில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு, உனக்குத் தெரியும். அதன் வழியாக ஒரு கம்பி வெயில் இறங்கி, தரையைத் தொடுவதற்குள் அதில் ஆயிரம் புள்ளி நீந்தியது. அத்தனை துடைத்தும்! சாரு கையை நீட்டி அதைப் பிடித்தாள், விட்டாள். நான் எழுந்து போய் ஈரத் துணியை எடுத்துவந்தேன்.

படிவம் வந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடுவேன்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். உன்னைத் தவிர இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை, அதுதான் எரிச்சல். அவர் போன பதிமூன்றாம் நாள் முடிந்ததும் நான் வீட்டைக் கழுவ ஆரம்பித்தேன். ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், ஒரு நாளைக்கு மூன்று தடவை. அவர் செருப்பு, அவர் கோணிப் பைகள், அவர் படுத்த மெத்தை எல்லாம் வெளியே போயின. பார்த்தால் தாங்க முடியவில்லை என்றுதான் செய்தேன். அவர் போனது 2021 ஆகஸ்ட். சாருவுக்கு முதல் வீசிங் 2022 ஜனவரி. ஐந்து மாதம்.

நான் கழுவித் தள்ளியதில்தான் நல்லது ஏதோ போய்விட்டதா? நான்தானா?

பிரேமலதா


உறையூர்
8 மே 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கேள்விக்கு என் பதில்: தெரியாது. சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு தடவை அதிகமாகத் தெரிந்ததுபோலப் பேசி உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தினேன் என்று பார்த்துவிட்டேன். இனி தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பிளீச்சிங் பவுடர் நெடி மூச்சுக் குழாயை உறுத்தும். அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். இது தெரிந்த விஷயம். சாருவுக்கு வீசிங் வந்தது அதனால்தான் என்று சொல்ல உலகத்தில் ஒருவராலும் முடியாது. என் பட்டியலில் எண்பத்தேழாம் வீடு தொட்டியத்தில் இருக்கிறது. வாசலில் இரண்டு மாடு, மண் தரை, கோழி உள்ளே வந்து போகும். அந்தப் பையனுக்கு வீசிங். தில்லை நகரில் ஒரு மாடி வீடு, செருப்பு வாசப்படி தாண்டாது, மூன்று குழந்தைகளுக்கும் ஒன்றுமில்லை. நீங்களே 2018இல் நிரப்பிய தாளை நேற்று எடுத்துப் பார்த்தேன். "குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா?" என்ற இடத்தில் "கணவருக்குச் சிறு வயதில் இழுப்பு இருந்தது" என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. அதை மறந்துவிட்டீர்களா?

இனி உங்கள் தூசி. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அழிப்பதற்கு முன்னால் அது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணுக்கு அது ஒரு சிட்டிகைச் சாம்பல். உருப்பெருக்கியில் வைத்தால் காடு. பருத்தி இழைகள் விழுந்த மரங்கள்போலக் குறுக்கும் நெடுக்கும் கிடக்கும். இடையில் புல்லின் மகரந்தம், ஏதோ பூச்சியின் கால், ஊதுவத்திச் சாம்பல், மனிதத் தோலின் செதில்கள். ஒவ்வொரு செதிலிலும் ஒரு ஊர் அளவுக்குக் கிருமிகள். பெரும்பாலும் பாவப்பட்டவை, யாருக்கும் கெடுதல் இல்லாதவை. உங்கள் வீட்டு முதல் மூன்று குப்பிகளில் இவற்றோடு ஆற்றங்கரை மண்ணில் வாழும் வகைகளும் இருக்கின்றன. ஸ்ரீரங்கத்து மாடி வீட்டுக்குள் அவை தானாக வர வழியில்லை. ராவ் அண்ணன் காலோடு வந்தவை. மூன்றாவது குப்பி 2021 மார்ச்சில் எடுத்தது. போன வருஷம் எடுத்த நான்காவதில் அந்த வகைகள் அநேகமாக இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மண் கலந்த தூசி இருந்தபோது மூச்சு நன்றாக இருந்து, அது போனபின் வீசிங் வந்த வீடுகள் என்னிடம் ஆறுதான். அதில் மிகத் தெளிவாக மாறியது உங்களுடையது. உங்கள் கடிதம் வந்த வாரம், நாற்பத்தொன்றை எடுத்துவிட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டேன். கோடு படுத்துவிட்டது, தொடர்பே தெரியவில்லை. அதாவது அக்கா, அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண் மாதிரித் தூசி நல்லது என்று உங்கள் கூடத்தில் உட்கார்ந்து நான் பெருமையாகச் சொன்ன முடிவு, உங்கள் வீட்டுத் தூசியின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. உங்களிடமிருந்து எடுத்ததை உங்களுக்கே உறுதியான செய்திபோலத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் பேராசிரியர் அற்புதசாமி சார் இதைப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவ ஒரு தடவ நேர்ல போய்ப் பாருங்க மஜீதா, மனசு மாறிடும்" என்றார். மாட்டேன் சார் என்று சொல்லிவிட்டேன். படிவத்தை நீங்கள் அனுப்புங்கள். நான் செய்கிறேன்.

மஜீதா


ஸ்ரீரங்கம்
17 மே 2025

மஜீதா,

உன் கடிதத்தை மூன்று நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில் எடுத்துப் படிப்பேன், அந்தக் காடு பற்றிய இடத்தை மட்டும்.

நீ உன் தப்பை எழுதியிருக்கிறாய். நான் என் தப்பை எழுதாமல் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தால் அது நியாயமாக இருக்காது. ஆஸ்பத்திரியில் கேத்தரின் டாக்டர் என்னைக் கேட்டார், "பிரவுன் இன்ஹேலர் ரெண்டு வேளையும் குடுத்துட்டிருந்தீங்களா?" ஆமாம் என்றேன். பொய். மார்ச் முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டேன். பொரி வந்து ஒரு மாதம் அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஸ்டீராய்டு என்று பெட்டியில் போட்டிருக்கும் அந்தச் சொல் மூன்று வருஷமாக என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. நாயே மருந்து என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீ அப்படிச் சொல்லவில்லை. நீ வைத்த இடத்திலிருந்து நான் இன்னும் நாலு அடி நடந்து போனேன்.

போன திங்கட்கிழமை டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இப்பவாவது சொன்னீங்களே, நான் மருந்து வேல செய்யலன்னு நெனச்சு டோஸ ஏத்தலாமான்னு யோசிச்சிட்டிருந்தேன்" என்றார். ஜன்னல்களை அடைத்து வைத்திருப்பதையும் சொன்னேன். ஜன்னலை அடைக்கச் சொல்லி யாரும்மா சொன்னது என்றும் கேட்டார். யாரும் சொல்லவில்லை.

வந்து எல்லா ஜன்னலையும் திறந்தேன். அன்று மத்தியானம் தூக்கத்தில் ஒரு கனவு. வீடு முழுக்கத் தூசி. பயமில்லை. மாவு மாதிரி, மெல்லிய பொன் நிறத்தில், காற்றில் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது. அதற்குள் அவர் நடந்து வருகிறார். உருவம் இல்லை. அவர் விலக்கிக்கொண்டு வரும் வழி மட்டும் தெரிகிறது, ஆள் உயரத்துக்கு ஒரு வெற்றிடம். கூடத்தைத் தாண்டி, சாருவின் கட்டில் பக்கம் வந்து, குனிகிறார். நான் "கால் கழுவிட்டு வாங்க" என்கிறேன். கனவில்கூட அதைத்தான் சொன்னேன், மஜீதா. பதினொரு வருஷம் தினமும் அவரைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவர் திருவெறும்பூரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தவர். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் ஆகிவிட்டிருந்தது. சுத்தமாகத் துடைத்து, வெள்ளைத் துணி போட்டுக் கொடுத்தார்கள். கால்கூடக் கழுவியிருந்தது.

அந்த மூன்றாவது குப்பியை எனக்குக் கொடுத்துவிடு. மற்றதை என்ன வேண்டுமானாலும் செய்.

பிரேமலதா


உறையூர்
26 மே 2025

அன்புள்ள அக்கா,

கொடுக்க முடியாது. மேலிடத்தில் எழுதிக் கேட்டும் பார்த்தேன். எடுத்த மாதிரியை வைத்திருக்கலாம், அழிக்கலாம், வெளியே தர விதி இல்லை. கிருமி உள்ள பொருள் என்பதால். ஒரு குப்பியைத் துப்பட்டாவில் முடிந்து எடுத்து வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். என்னால் ஆகாது. கேட்கிறவர் நீங்கள் என்பதால் நினைக்கவாவது முடிந்தது.

ஆனால் பார்க்கலாம். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். சாருவையும் அழைத்து வாருங்கள். அங்கே எந்தக் குப்பியையும் திறக்க மாட்டோம், அவளுக்கு ஒன்றும் செய்யாது. அவசரத்துக்கு அந்த நீல இன்ஹேலர் மட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

ஃப்ரீசரைப் பற்றி முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஏமாற்றமாக இருக்கக்கூடாது. ஆள் உயர இரும்புப் பெட்டி, மைனஸ் எண்பது டிகிரி. கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை காலடியில் வந்து விழும். உள்ளே அட்டைப் பெட்டிகள், பெட்டிக்குள் வரிசை வரிசையாகக் குப்பிகள், மூடியில் எண். சுண்டு விரல் நகத்தளவு தூசி. அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் அது வேறு மாதிரி. அந்த வீடுகளுக்கெல்லாம் நான் நடந்து போயிருக்கிறேன். நாற்பதாம் எண் பாலக்கரையில் ஒரு ஆசிரியர் வீடு. வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே குழந்தையின் கட்டில். நாற்பத்திரண்டு சமயபுரத்தில் தேங்காய்க் கடைக்காரர் வீடு. பெட்டிக்குள் நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் நீங்கள். ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள் அங்கே பக்கத்துப் பக்கத்து வீடு. சில நாள் பெட்டியை எடுக்கும்போது, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு தெருவுக்குள் போகிற மாதிரி இருக்கும். எல்லா வீட்டிலும் படுக்கை விரித்திருக்கிறது. எல்லா வீட்டிலும் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது. பேசாமல் கதவைச் சாத்திவிட்டு வருவேன்.

வந்து பார்த்துவிட்டு, அழிக்கத்தான் வேண்டும் என்றால் அன்றே கையெழுத்துப் போடுங்கள். உங்கள் முன்னாலேயே செய்கிறேன்.

மஜீதா


உறையூர்
4 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை நீங்கள் முடிவைச் சொல்லாமல் ஆட்டோ ஏறிவிட்டீர்கள். படிவமும் உங்கள் பையோடு போய்விட்டது. அவசரமில்லை. கேட்பதற்காக இதை எழுதவில்லை.

நீங்கள் ஃப்ரீசர் அறையை விட்டு வெளியே போய் நின்றீர்களே, அப்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். சாரு என்னிடம், "அப்பா இதுலயா இருக்காரு?" என்றாள். அவளிடம் யார் சொன்னது என்று தெரியவில்லை. நீங்களாக இருக்கலாம், அவளாகவே நம் கடிதத்தைப் படித்திருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளே இப்போது.

"கொஞ்சம் இருக்கலாம்டா. நீயும் இருக்க. அம்மாவும் இருக்காங்க."

"மூணு பேரும் ஒண்ணாவா?"

"ஆமா. எது யாருன்னு பிரிக்கவே முடியாது."

குப்பி வரிசையை எட்டிப் பார்த்தாள். பிறகு, "அவருக்குக் குளிருமா?" என்றாள்.

ஏழு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். எத்தனையோ கூட்டங்களில் எழுந்து நின்று பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கு, "தெரியலடா" என்றேன். அவள் என் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "உங்களுக்கு நெறைய தெரியாது, இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். அதில் அவளுக்குச் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேராசிரியர் சாரிடம் பேசிவிட்டேன். உங்கள் வீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோடு ஒரே வீட்டில் நிற்கிறது என்பதை மறைத்து எழுத மாட்டேன் என்றேன். இன்னும் அறுபது வீடுகள் சேர்க்க வேண்டியிருக்கும், பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகும். எங்கள் அத்தாவிடம் சொன்னபோது, மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவரே, "சரி, பொய்க் கணக்கு எழுதி வாங்குற பட்டம் எதுக்கு" என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

மஜீதா


ஸ்ரீரங்கம்
22 ஜூன் 2025

அன்புள்ள மஜீதா,

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து இல்லை. குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

அவரை எடுத்துக்கொண்டு வரத்தான் அன்று வந்தேன். கையில் சின்ன எவர்சில்வர் சம்புடம்கூட இருந்தது, உன்னிடம் காட்டவில்லை. விதியாவது ஒன்றாவது, அழுது வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நீ பெட்டியைத் திறந்து காட்டினாய். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. தபால்காரர் பையில் தெரு வரிசைப்படி கடிதம் அடுக்கியிருப்பதுபோல இருந்தது. அதில் ஒன்றை மட்டும் உருவினால் அந்தத் தெருவில் ஒரு வீடு இடிந்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அதனால்தான் வெளியே போய் நின்றேன். இருக்கட்டும். அவருக்கு அக்கம்பக்கம் ஆள் இருந்தால் பிடிக்கும். தேங்காய்க் கடைக்காரரோடு வாழை விலை பேசிக்கொண்டிருப்பார்.

உன் புத்தகத்தில் எங்கள் வீட்டை வைத்து ஒரு கோடும், எடுத்துவிட்டு ஒரு கோடும், இரண்டையும் போடு. சாருவை வைத்து யாரும் நாய் வாங்கவும் வேண்டாம், நாயைத் துரத்தவும் வேண்டாம்.

கடிதத்தைப் படித்தவள் அவளேதான். நான் ஒளித்து வைத்த இடம் அரிசி டப்பாவின் பின்னால். இப்போது என்னோடு பேசுகிறாள். பேச்சு நிற்பதில்லை. இரண்டு வேளையும் பிரவுன் இன்ஹேலரை அவளே எடுத்து வந்து நீட்டுகிறாள், "பத்து எண்ணணும், வேகமா எண்ணக் கூடாது" என்று எனக்கே சொல்கிறாள். கேத்தரின் டாக்டர் ஒரு குழாய் கொடுத்திருக்கிறார், அதில் ஊதி எவ்வளவு ஏறுகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். ஏறிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை ஈரத் துணியால் துடைக்கிறேன், படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைக்கிறேன். பிளீச்சிங் பவுடர் டின்னை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டேன். மறுபடி வராது என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்றரை வருஷமாக ஒவ்வொரு நாளும் விடிந்ததும் நான் செய்கிற முதல் காரியம், தூங்கிக்கொண்டிருக்கும் சாருவின் முதுகில் காதை வைத்துக் கேட்பது. உள்ளே விசில் இருக்கிறதா, இல்லையா. அதைக் கேட்காமல் பாலைக்கூட அடுப்பில் வைத்ததில்லை. அவளுக்கே இது தெரியாது. காய்ச்சல் நாள், கல்யாணத்துக்குப் போன இடம், அவர் திதி, எந்த நாளும் தவறியதில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நன்றாகத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வெயில் சுவரில் பாதி ஏறிவிட்டது. பக்கத்தில் அவள் இல்லை. எழுந்து, பல் தேய்த்து, டிகாஷன் இறக்கி, பேப்பர் எடுக்க வாசலுக்கு வந்தேன். கீழே தெருவில் எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு கோடு கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் காலில் நின்றபடி மேலே பார்த்து, "அம்மா, அவுட்டு இல்லதானே? நீயே சொல்லு" என்று கத்தினாள். இல்லை என்று நானும் கத்தினேன். உள்ளே வந்து முழு டம்ளர் காபியும் குடித்து முடித்தபிறகுதான், இன்று காது வைத்துக் கேட்க மறந்துவிட்டேன் என்று நினைவு வந்தது.

மறந்தே போய்விட்டேன், மஜீதா. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது.

அன்புடன்,
பிரேமா அக்கா